கீழே கடை, மேலே வீடு: சிறு கட்டடத்தின் விலை எங்கே இருக்கிறது?

திருவல்லிக்கேணியிலோ புரசைவாக்கத்திலோ சைதாப்பேட்டையிலோ, கீழே இரண்டு கடையும் மேலே இரண்டு வீடுமாக நிற்கும் ஒரு மாடிக் கட்டடம் விற்பனைக்கு வந்தால், தரகர் முதலில் கேட்பது நிலம் எத்தனை சதுர அடி என்று. அடுத்து, தெரு எத்தனை அடி அகலம் என்று. மூன்றாவதாக, காலி செய்து கொடுப்பீர்களா என்று. மாத வாடகை எவ்வளவு என்ற கேள்வி கடைசியில் வரும். பல பேரங்களில் வருவதே இல்லை. முப்பது நாற்பது ஆண்டுகள் ஒரு குடும்பத்துக்கு மாதந்தவறாமல் வருமானம் தந்த கட்டடம் விற்கும் நாளில் வெறும் அடிமனையாகச் சுருங்கிவிடுகிறது. குடியிருப்பவர்கள் விலையைக் குறைக்கும் பாரமாகவும், கட்டடம் இடித்துத் தள்ள வேண்டிய செங்கல்லாகவும் எண்ணப்படுகிறார்கள். இந்தக் கணக்கு எல்லா மனைக்கும் தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் குறுகிய தெருவில் உள்ள சிறு மனைக்கு இது பெரும்பாலும் தவறு. அங்கே சொத்தின் மதிப்பு அது ஈட்டும் வாடகையில்தான் இருக்கிறது. அந்த வாடகைக்கு விலை கிடைக்காமல் போவதற்கு முதற்காரணம், வாங்குபவர் நம்பும்படி அது எங்குமே எழுத்தில் இல்லாததுதான்.

நிலத்தை மட்டும் பார்க்கும் பழக்கத்தைத் தரகர்கள் உண்டாக்கவில்லை. அரசே அப்படித்தான் பார்க்கிறது. பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பு தெருவாரியாக, சதுர அடிக்கு இவ்வளவு என்று நிலத்துக்கு நிர்ணயிக்கப்படுகிறது. கட்டடத்துக்குப் பொதுப்பணித் துறையின் விகிதப்படி கட்டுமானச் செலவைப் போட்டு, வயதுக்கேற்பத் தேய்மானம் கழித்து ஒரு தொகை சேர்க்கிறார்கள். அதில் யார் இருக்கிறார்கள், என்ன வாடகை தருகிறார்கள் என்பதற்கு இடமே கிடையாது. ஐம்பது வயதான கட்டடத்தின் மதிப்பு இந்த முறையில் தேய்ந்து தேய்ந்து பெயரளவுக்கு வந்துவிடும். அதே கட்டடத்தை மாநகராட்சி வேறு கண்ணால் பார்க்கிறது. சொத்துவரி, கட்டடம் ஈட்டக்கூடிய வாடகை மதிப்பை அடிப்படையாகக் கொண்டது. கடைக்கு ஒரு வீதம், வீட்டுக்கு ஒரு வீதம். ஆக, ஒரே கட்டடத்தை ஓர் அலுவலகம் நிலமாகவும் இன்னோர் அலுவலகம் வருமானமாகவும் அளக்கிறது. விற்பனை முதல் அலுவலகத்தின் வழியாக நடப்பதால், அதன் அளவுகோலே சந்தையின் அளவுகோலாகவும் நிலைத்துவிட்டது.

இதற்கு ஒரு வரலாறும் உண்டு. 1960ஆம் ஆண்டின் தமிழ்நாடு கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் இந்த உறவை ஆண்டது. நியாய வாடகையைக் கணக்கிட அது வைத்த சூத்திரம் கவனிக்கத்தக்கது: நிலமும் கட்டடமும் சேர்ந்த மொத்த மதிப்பில், குடியிருப்பு என்றால் ஆண்டுக்கு நூற்றுக்கு 9, குடியிருப்பு அல்லாத கட்டடம் என்றால் நூற்றுக்கு 12. கடையும் வீடும் ஒரே விதமான முதலீடு அல்ல, இரண்டிலும் எதிர்பார்க்க வேண்டிய ஈட்டு விகிதம் வேறு என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டிருந்தது. நடைமுறையோ வேறு திசையில் போனது. நியாய வாடகை கேட்டு வழக்குப் போட்டால் மேல்முறையீடு, சீராய்வு என்று ஆண்டுகள் ஓடின. சொந்தத் தேவைக்குக் காலி செய்யச் சொன்னாலும், இடித்துக் கட்டப்போவதாகச் சொன்னாலும் அதே கதி. பழைய வாடகையில் தங்கிவிட்ட குடித்தனக்காரரும், அவரை வெளியேற்ற முடியாத உரிமையாளரும் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்தபடி காலம் கழித்தார்கள். அந்த நிலையில் வாடகையை வைத்து விலை பேச எந்த வாங்குபவரும் முன்வரமாட்டார். சந்தை வாடகையில் பாதிகூட வராத கடைக்கு யார் முதல் போடுவார்கள்? நிலத்தைப் பார், ஆளைக் காலி செய் என்ற பழக்கம் அந்தக் காலத்துக்குப் பொருத்தமாகவே இருந்தது. 2017ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்து, வாடகையை இரு தரப்பின் ஒப்பந்தத்துக்கு விட்டுவிட்டது. சட்டம் மாறியும் பேரம் பேசும் முறை மாறவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. அவரவர் தெருவுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். 1,200 சதுர அடி மனை, அதாவது அரை கிரவுண்டு. தெருவில் பேசப்படும் விலை சதுர அடிக்கு 12,000 ரூபாய். நிலக் கணக்கில் இதன் விலை 1 கோடியே 44 லட்சம். கீழே இரண்டு கடை, மாதம் தலா 22,000. மேலே இரண்டு வீடு, தலா 14,000. மாதம் 72,000, ஆண்டுக்கு 8 லட்சத்து 64 ஆயிரம். சொத்துவரி, குடிநீர் வரி, பழுதுபார்ப்பு, இடையில் காலியாகக் கிடக்கும் மாதம் எல்லாம் கழித்தால் கடைகளிலிருந்து 4 லட்சத்து 60 ஆயிரமும் வீடுகளிலிருந்து 2 லட்சத்து 80 ஆயிரமும் நிற்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 7 லட்சத்து 40 ஆயிரம். முதலீட்டுக்கு நூற்றுக்கு 7 வேண்டும் என்று வாங்குபவர் கேட்டால், இந்த வருமானம் தாங்கும் விலை ஏறத்தாழ 1 கோடியே 6 லட்சம். பார்த்ததும், நிலவிலையே மேல் என்று தோன்றும். பெரும்பாலான உரிமையாளர்கள் இந்த இடத்திலேயே வாடகைக் கணக்கை மூடிவிடுகிறார்கள்.

ஆனால் கடைக்கும் வீட்டுக்கும் ஒரே விகிதத்தைப் போட்டதில்தான் கோளாறு. சென்னையில் வீடு வாங்கி வாடகைக்கு விடுபவர் நூற்றுக்கு மூன்று சொச்சம் கிடைத்தாலே போதும் என்று வாங்குகிறார். கடை வாங்குபவர் அதைப்போல் இரு மடங்கு எதிர்பார்க்கிறார். கடைக்கு 7, வீட்டுக்கு மூன்றரை என்று பிரித்துப் போட்டால், கடைகள் சுமார் 66 லட்சம், வீடுகள் 80 லட்சம், ஆக 1 கோடியே 46 லட்சம். நிலவிலையைத் தொட்டுவிடுகிறது. தனித்தனியாக விற்க முடியாத, லிஃப்ட் இல்லாத மாடி வீட்டுக்கு அடுக்குமாடிக் குடியிருப்பின் விகிதம் பொருந்துமா என்று கேட்பது நியாயம். அதற்காக நான்கரை என்று உயர்த்தினால் வீடுகளின் மதிப்பு 62 லட்சமாகி, மொத்தம் 1 கோடியே 28 லட்சத்தில் நிற்கும். எந்த விகிதம் சரி என்பதை இரு தரப்பும் வாதிட்டு முடிவு செய்யலாம். ஆனால் இரண்டு வருமானங்களை ஒன்றாகக் கொட்டி ஒரே விகிதத்தால் வகுத்ததால் மட்டும் காகிதத்தில் 20 முதல் 40 லட்சம் வரை காணாமல் போகிறது. கலப்புப் பயன்பாட்டுக் கட்டடத்தின் தனித்தன்மையே, கடை தரும் கூடுதல் ஈட்டும் வீடு தரும் நிலைத்த வருமானமும் ஒரே சுவருக்குள் இருப்பதுதான். 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் கடைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபோது, மேல்மாடி வீட்டு வாடகை கைகொடுத்த குடும்பங்கள் எத்தனையோ. அந்தப் பாதுகாப்புக்கும் விலையில் ஓர் இடம் இருக்க வேண்டும்.

இனி நிலவிலை என்று சொல்லப்படுவதை உண்மையில் யார் கொடுப்பார் என்று பார்க்க வேண்டும். இடித்துக் கட்டும் பில்டர் கொடுப்பார் என்பதே பொதுவான நம்பிக்கை. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, உயரமல்லாத கட்டடத்துக்கு எஃப்.எஸ்.ஐ. 2. அதாவது 1,200 சதுர அடி மனையில் 2,400 சதுர அடி கட்டலாம். கூடுதல் கட்டணம் கட்டி வாங்கும் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. தெருவின் அகலத்தைப் பொறுத்தது. 9 மீட்டருக்குக் குறைந்த தெருவில் அது கிடையாது. நம் பழைய கட்டடமோ, முன்னும் பின்னும் பக்கமும் இடம் விடாமல் அந்தக் காலத்தில் மனை முழுக்க எழுப்பப்பட்டது. தரைத்தளமும் முதல் தளமும் சேர்ந்து ஏற்கெனவே 2,200 சதுர அடி இருக்கிறது. இடித்துக் கட்டினால் கூடுதலாகக் கிடைப்பது 200 சதுர அடிதான். அதற்காகச் சதுர அடிக்கு 2,500 ரூபாய் வீதம் 60 லட்சம் கட்டுமானச் செலவு. ஒன்றரை ஆண்டு வாடகை இழப்பு மட்டும் சுமார் 13 லட்சம். தொடர் கட்டடப் பகுதியாக அறிவிக்கப்படாத தெருவில் செட்பேக் விட வேண்டும், வாகனம் நிறுத்த இடம் ஒதுக்க வேண்டும். சிறு மனையில் அந்த இடம் எங்கிருந்து வரும்? தரைத்தளத்திலிருந்துதான். தூண்களின்மேல் கட்டடத்தை ஏற்றி, கீழே கார் நிறுத்தம் வைப்பார்கள். மொத்த வாடகையில் அறுபது சதவீதத்தைத் தந்த கடைகள் அதோடு மறையும்.

பில்டரின் பக்கமிருந்தும் பார்த்துவிடலாம். புதிதாகக் கட்டிய 2,400 சதுர அடியைச் சதுர அடி 9,000 வீதம் விற்றால் 2 கோடியே 16 லட்சம் வரும். கட்டுமானம் 60 லட்சம், அனுமதிக் கட்டணம், வட்டி, தரகு ஆகியவற்றுக்கு 12 லட்சம், அவருடைய லாபம் விற்பனையில் ஐந்தில் ஒரு பங்கு என்று 43 லட்சம். மிஞ்சுவது 1 கோடியே 1 லட்சம். நிலத்துக்கு அவரால் தர முடிவது அவ்வளவே. தெருவில் பேசப்படும் 1 கோடியே 44 லட்சத்தை அவர் தரமாட்டார், தந்தால் நஷ்டப்படுவார். அந்த விலை, அகலமான சாலையில் இரண்டு கிரவுண்டாகச் சேர்ந்து கிடந்த ஏதோ ஒரு மனைக்குக் கிடைத்த விலையாக இருக்கும். சதுர அடி விலை மட்டும் வாய்வழியாகப் பரவி இந்தத் தெருவுக்கும் வந்து சேர்ந்திருக்கும். சிறு மனையின் உரிமையாளர் தன்னுடையதல்லாத விலையைக் கேட்டுக் காத்திருக்கிறார். அந்தக் காத்திருப்பில் கட்டடம் பராமரிப்பின்றிப் பாழாகிறது. விற்கப் போகிறோமே என்று வெள்ளையடிப்பதில்லை, ஒழுகும் மொட்டைமாடிக்குத் தளம் போடுவதில்லை, காலியான வீட்டுக்கு ஆள் வைப்பதில்லை. ஒரு கடை காலியானால் ஷட்டர் இறங்கியபடியே கிடக்கிறது. இப்படி நான்கைந்து ஆண்டுகள் போனால் வாடகைக் கணக்கும் கெட்டு, கட்டடத்தின் மதிப்பும் குறைந்து, கடைசியில் பில்டர் சொல்லும் விலைக்கே இறங்கி வர நேர்கிறது.

நிலம் ஏறும், கட்டடம் தேயும், எனவே வாங்குபவர் நிலத்துக்குத்தான் பணம் தருகிறார் என்பது வலுவான மறுப்பு. நிலம் ஏறும் என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் நிலம் ஏறும்வரை வாங்கியவர் எதை வைத்துக் காத்திருப்பார்? 1 கோடியே 44 லட்சத்தைக் காலி மனையில் போட்டவருக்கு ஆண்டுதோறும் வட்டி இழப்பு மட்டுமே மிச்சம். அதே தொகையை வாடகை வரும் கட்டடத்தில் போட்டவர், நிலத்தின் ஏற்றத்தோடு ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்துக்கு மேலும் பெறுகிறார். நில ஏற்றம் இருவருக்கும் பொது, வாடகை ஒருவருக்கே. ஆகவே குடியிருப்போடு கூடிய கட்டடம் காலி மனையைவிட மலிவாக இருக்க வேண்டும் என்பதற்குப் பொருளாதார நியாயம் இல்லை. விதிவிலக்கு உண்டு. 60 அடிச் சாலையில், இரண்டு கிரவுண்டுக்கு மேற்பட்ட மனையில், கட்டடம் மனையில் கால்வாசியைத்தான் பயன்படுத்துகிறது என்றால், அங்கே நிலக் கணக்கே சரியான கணக்கு. அத்தகைய சொத்தை வாடகை பேசி விற்பவர் ஏமாந்துபோவார். எந்த வகை மனை என்பதை முதலில் தீர்மானிக்காமல், ஊருக்கெல்லாம் ஒரே கணக்குப் போடுவதைத்தான் குறை சொல்கிறேன்.

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகிறது. சிராங்கூன் சாலையை ஒட்டிய கடைவீடுகள் 1989இல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டன. இடிக்க முடியாது என்று ஆனபின், வாங்குபவர்களின் கணக்கில் நிற்கிற கட்டடமும் அதன் பயன்பாடும் முன்னுக்கு வந்தன. அங்கேயும் கடைப்பகுதிக்கும் குடியிருப்புப் பகுதிக்கும் விதிகள் வேறு; வெளிநாட்டவர் குடியிருப்புச் சொத்து வாங்கும்போது 2023 ஏப்ரல் முதல் நூற்றுக்கு 60 கூடுதல் முத்திரை வரி கட்ட வேண்டியிருப்பதால், மேல்மாடி வீடா அலுவலகமா என்பதே விலையைத் தலைகீழாக மாற்றுகிறது. அந்த நகரத்தின் விலைகள் நமக்கு அளவுகோல் அல்ல. இடிப்பது லாபமில்லை என்று தெளிவான இடத்தில் கடைவீடு, கடைவீடாகவே கைமாறும் என்பதற்கு மட்டுமே அது சான்று. சென்னையில் அந்தத் தெளிவைத் தரும் அறிவிப்பு ஏதும் இல்லை. விதிகளைப் படித்து நாமே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்தது காகிதம். வாடகை வருகிறது என்று உரிமையாளர் சொன்னால் மட்டும் போதாது. வாங்குபவரின் வழக்கறிஞரும் வங்கியின் மதிப்பீட்டாளரும் நம்ப வேண்டும். நான்கு மின் இணைப்பு அட்டைகளை மேசையில் பரப்பிவைத்துப் பார்த்தாலே ஒரு கட்டடத்தின் கதை விளங்கிவிடும். கடைக்கு வணிகக் கட்டண இணைப்பு இருக்கிறதா, அல்லது வீட்டு இணைப்பிலிருந்து சப்-மீட்டர் வைத்து இழுத்திருக்கிறார்களா? இணைப்பு இன்னும் இறந்துபோன தாத்தாவின் பெயரில் இருக்கிறதா? சொத்துவரி ரசீதில் தரைத்தளம் வணிகப் பயன்பாடு என்று இருக்கிறதா, முழுக்கக் குடியிருப்பு என்று இருக்கிறதா? குடியிருப்பு என்று காட்டி இத்தனை ஆண்டு வரி குறைத்துக் கட்டியிருந்தால், வாங்கியவர் பெயர் மாற்றப் போகும் நாளில் மறுமதிப்பீடு வரும். அந்தப் பாக்கியை எதிர்பார்த்தே அவர் விலையைக் குறைப்பார். அனுமதி வரைபடத்தில் வண்டி நிறுத்தம் என்று காட்டிய இடத்தில்தான் இப்போது கடை நடக்கிறது என்றால், அந்தக் கடையின் வாடகையை எந்த வங்கியும் கணக்கில் எடுக்காது. மின் அட்டை, வரி ரசீது, வரைபடம், வாடகை ஒப்பந்தம் ஆகிய நான்கும் ஒரே கட்டடத்தைப் பற்றிப் பேச வேண்டும். பல சொத்துகளில் அவை நான்கு வெவ்வேறு கட்டடங்களைப் பற்றிப் பேசுகின்றன.

வாடகை ஒப்பந்தம் இவற்றில் முதன்மையானது. 11 மாதத்துக்கு ஒரு முத்திரைத்தாளில் எழுதி, அதையும் புதுப்பிக்காமல் ஆண்டுக்கணக்கில் ஓட்டுவதே நம் வழக்கம். 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிவாகிப் பதிவு எண் பெற வேண்டும். அந்த எண்ணுள்ள ஒப்பந்தம், வாங்குபவருக்கு மூன்று விஷயங்களை உறுதிப்படுத்துகிறது: வாடகை எவ்வளவு, எப்போது உயரும், காலம் எப்போது முடியும். அட்வான்ஸ் தொகையும் அதில் தெளிவாக இருக்க வேண்டும். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் வாங்குவது நெடுங்கால வழக்கம். வேறுவிதமாக ஒப்புக்கொண்டாலன்றி மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது புதிய சட்டம். சொத்து கைமாறும்போது வாடகைதாரர் புதிய உரிமையாளரின் வாடகைதாரர் ஆகிவிடுகிறார். அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கப்போவதும் அவரிடம்தான். ஆகவே அந்தத் தொகையைக் கிரயத்தில் கழித்துக்கொள்வார்கள். எழுத்தில் இல்லாத அட்வான்ஸ், பகடி என்ற பெயரில் எப்போதோ கைமாறிய பணம் ஆகியவை பேரத்தின் கடைசி நாளில் வெளிவந்து, முடிந்த வியாபாரத்தை முறித்திருக்கின்றன.

வாடகையை எழுத்தில் காட்டினால் வரி ஏறும், அதனால் லாபம் என்ன என்று கேட்பவர்கள் அதிகம். கணக்கு எளிது. மறைத்த வாடகைக்கு விலை கிடையாது. மாதம் 10,000 ரூபாய் கையில் வாங்கி மறைப்பவர் ஆண்டுக்கு 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கான வரியை மிச்சப்படுத்துகிறார். நூற்றுக்கு 7 என்ற விகிதத்தில் விற்பனை விலையில் 17 லட்சத்தை இழக்கிறார். வாடகை வருமானத்தில் நூற்றுக்கு 30 நிலைக்கழிவு உண்டு என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மிச்சப்பட்ட வரி அந்த இழப்பை ஈடுகட்ட ஐம்பது அறுபது ஆண்டுகூட ஆகலாம். கிரயத்திலும் இதே தவறு நடக்கிறது. பத்திரத்தில் குறைத்துக் காட்டி மீதியைக் கறுப்பில் வாங்குவது ஒரு காலத்தில் இயல்பாகக் கருதப்பட்டது. இன்று வழிகாட்டி மதிப்பைவிட நூற்றுக்குப் பத்துக்கு மேல் குறைத்துப் பதிந்தால், அந்த வித்தியாசத்துக்கு விற்பவரும் வாங்குபவரும் ஆளுக்கொரு பக்கம் வருமான வரி கட்ட வேண்டும். 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் வாங்குபவர் நூற்றுக்கு ஒன்று வரிப்பிடித்தம் செய்தாக வேண்டும். விற்பவர்களில் ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் அவர் பங்குக்குப் பிடித்தம் பல மடங்கு கூடும்; குறைந்த பிடித்தத்துக்கான சான்றை முன்கூட்டியே வாங்காவிட்டால் பணம் நெடுநாள் முடங்கும். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை, மாற்று வரி, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்ந்து 2017 முதல் நூற்றுக்கு 11ஆக இருந்து, 2023 ஏப்ரலில் 9ஆகக் குறைந்தபோதே வழிகாட்டி மதிப்பும் உயர்த்தப்பட்டது. குறைத்துப் பதிவதில் கிடைத்த ஆதாயம் ஆண்டுக்காண்டு சுருங்கிக்கொண்டே வருகிறது.

வரைபட மீறல்தான் இதில் மிகக் கடினமான பகுதி. பழைய கட்டடங்களில் அனுமதிக்கும் நிற்பதற்கும் வேறுபாடு இல்லாதவை குறைவு. 1999 பிப்ரவரிக்கு முன் கட்டியவற்றை வரன்முறைப்படுத்த ஒரு திட்டம் வந்தது. 2007 ஜூலை 1க்கு முன் கட்டியவற்றுக்கு 2017இல் இன்னொன்று வந்தது. இரண்டிலும் கட்டணம் கட்டி வரன்முறை செய்தவர்களிடம் இன்று விற்கத்தக்க ஆவணம் இருக்கிறது. செய்யாதவர்கள் மீறலை மறைக்காமல், எந்தப் பகுதி அனுமதி பெற்றது, எது பெறாதது என்று பிரித்துச் சொல்லி, அனுமதி பெற்ற பகுதியின் வாடகைக்கு மட்டும் விலை கேட்பது நல்லது. சொத்தில் தனக்குத் தெரிந்த குறையை விற்பவர் வெளிப்படுத்த வேண்டும் என்பது 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்திலேயே உள்ள கடமை. மறைத்தால் வங்கியின் பொறியாளர் ஒரே பார்வையில் கண்டுபிடிப்பார். அதன்பின் அனுமதி பெற்ற பகுதியையும் சேர்த்துச் சந்தேகிப்பார்கள்.

உரிமைப் பத்திரங்களைப் பற்றி எழுதப் புகுந்தால் அது தனிக் கட்டுரையாகும். இத்தகைய கட்டடங்களுக்கே உரிய இரண்டை மட்டும் குறிப்பிடுகிறேன். ஒன்று, மகள்களின் பங்கு. பூர்வீகச் சொத்தில் மணமாகாத மகள்களுக்குச் சமபங்கு என்று தமிழ்நாடு செய்த சட்டம் 1989 மார்ச்சிலிருந்தே செல்லுபடியாகிறது. 2005இன் மத்தியத் திருத்தம் அதை எல்லா மகள்களுக்கும் விரித்தது. 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. வாடகையை அண்ணன்களே பிரித்துக்கொண்டு வந்த வீடுகளில், கிரயத்தின்போது தங்கையின் விடுதலைப் பத்திரம் இல்லை என்று வியாபாரம் நின்றுபோவது அடிக்கடி நடக்கிறது. இரண்டு, அடிமனை வேறொருவருடையதாக இருப்பது. மயிலாப்பூர் போன்ற இடங்களில் கோயில் நிலத்துக்கு மனை வாடகை கட்டிக்கொண்டு கட்டடத்தை மட்டும் சொந்தமாக வைத்திருப்போர் பலர். 1921ஆம் ஆண்டின் நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் அத்தகையோர் நிலத்தையே விலைக்கு வாங்க வழி செய்தது. 1996இன் திருத்தம் சமய நிறுவனங்களின் நிலங்களை அதிலிருந்து விலக்கியது. 2005இல் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லும் என்றது. அங்கே நிலக் கணக்கு என்ற பேச்சுக்கே இடமில்லை. விற்பதற்கு இருப்பது கட்டடமும் அதன் வாடகையும் மட்டுமே, அதுவும் கோயிலின் குத்தகை நிபந்தனைகளுக்கு உட்பட்டு.

மனசாட்சி எழுப்பும் மறுப்பு ஒன்றும் உண்டு. வாடகைக்கு விலை என்று ஆரம்பித்தால், விற்பதற்குமுன் வாடகையை ஏற்றிவிடுவார்களே, சைக்கிள் கடைக்காரரும் தையல்காரரும் எங்கே போவார்கள்? இந்த அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. புதிய சட்டத்தில், எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதையே காரணமாகக் காட்டி வெளியேற்றக் கோர இடமிருக்கிறது. சிறு வாடகைதாரர்கள் அதில் அடிபட்டிருக்கிறார்கள். ஆனால் மாற்று என்ன என்று பார்க்க வேண்டும். நிலத்துக்கு விலை என்ற முறையில், வாடகைதாரர் உயர்ந்த வாடகை தரத் தயாராக இருந்தாலும் வெளியே போக வேண்டும், ஏனென்றால் அவர் இல்லாமல் போவதே விலை. வருமானத்துக்கு விலை என்ற முறையில் ஒழுங்காக வாடகை தரும் பழைய வாடகைதாரர் சொத்தின் மதிப்பில் ஒரு பகுதியாகிறார். இருபது ஆண்டு ஒரே இடத்தில் மருந்துக்கடை நடத்தி ஒரு மாதமும் தவறாதவரைவிட நல்ல சான்று வாங்குபவருக்கு வேறில்லை. அவரை வைத்துக்கொள்ள உரிமையாளருக்குக் காரணம் கிடைக்கிறது. வாடகையைச் சந்தை அளவுக்குமேல் ஒரேயடியாக ஏற்றி ஒப்பந்தம் போட்டாலும், ஆறு மாதத்தில் காலியாகப்போகும் கடை அது என்பதை அனுபவமுள்ள வாங்குபவர் கண்டுகொள்வார். மூன்று ஆண்டுக் கணக்கைக் கேட்பார்.

விற்பனை முடிவாகும் கட்டத்தில் கவனிக்கப்படாமல் போகும் இன்னொன்று, கிரயப் பத்திரத்தில் விலையைக் கடைக்கும் வீட்டுக்கும் பிரித்து எழுதுவது. மூலதன ஆதாய வரியில் இந்தப் பிரிவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. வீட்டுப் பகுதியை விற்ற ஆதாயத்தை மட்டும் இன்னொரு வீட்டில் முதலீடு செய்தால் விலக்குக் கிடைக்கும். கடைப் பகுதிக்கோ, ஆதாயத்தை மட்டுமல்ல, விற்ற தொகை முழுவதையும் வீட்டில் போட்டால்தான் முழு விலக்கு. விற்பவருக்கு வேறு எத்தனை வீடு இருக்கிறது என்பதையும் அது பொறுத்தது. ஆறு மாதத்துக்குள் அரசு குறிப்பிட்ட பத்திரங்களில் 50 லட்சம் வரை போடும் வழி இரண்டுக்கும் பொது. 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய சொத்தை விற்கும் உள்நாட்டுத் தனிநபர், பணவீக்கச் சரிக்கட்டு இல்லாமல் நூற்றுக்கு 12.5 அல்லது சரிக்கட்டோடு 20 என்ற இரண்டில் குறைந்ததைத் தேர்ந்துகொள்ளலாம். 2001 ஏப்ரலுக்கு முந்தைய சொத்துக்கு அந்தத் தேதியின் சந்தை மதிப்பையே அடக்கவிலையாகக் காட்டலாம். அந்த மதிப்பையும் கடை, வீடு என்று பிரித்து, பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் விற்பனைக்கு முன்பே எழுதி வாங்க வேண்டும். மின் அட்டையும் வரி ரசீதும் வாடகை ஒப்பந்தமும் ஏற்கெனவே கடையையும் வீட்டையும் பிரித்துக் காட்டியிருந்தால், இந்தப் பிரிப்பை வருமான வரி அலுவலர் மறுப்பது கடினம்.

வாங்கப்போவது யார் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. முதலீட்டாளர் என்றதும் வெளியிலிருந்து வரும் பணக்காரரை நினைக்கிறோம். பல நேரங்களில் அந்தக் கட்டடத்தின் மதிப்பை எல்லோரையும்விட நன்றாக அறிந்தவர் கீழ்க்கடைக்காரர்தான். அந்த இடத்தில் வியாபாரம் எவ்வளவு நடக்கும் என்று அவருக்குத் தெரியும். இடம் மாறினால் வாடிக்கை போய்விடும் என்பதால் மற்றவரைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தரவும் காரணம் உண்டு. மேல்வீட்டு வாடகை அவருடைய கடன் தவணையில் ஒரு பகுதியைக் கட்டும். தடை கடனில்தான் இருக்கிறது. வாடகையிலிருந்தே திரும்பக் கட்டப்படும் கடனை வங்கிகள் வீட்டுக் கடனாகக் கருதாமல் வணிகச் சொத்துக் கடனாகக் கருதுவதால் வட்டி கூடும், தரும் தொகை குறையும். ஆயினும் ஜி.எஸ்.டி. கணக்கும் வருமான வரிக் கணக்கும் ஒழுங்காக உள்ள கடைக்காரரும், வாடகை எழுத்தில் உள்ள கட்டடமும் சேர்ந்தால் கடன் கிடைக்காது என்று சொல்லிவிட முடியாது. தரகரிடம் சாவியைக் கொடுப்பதற்கு முன், கீழே கடை வைத்திருப்பவரிடம் மூன்று மாத அவகாசம் தந்து விலையைச் சொல்லிப் பார்ப்பது உரிமையாளருக்கு எந்த நஷ்டமும் தராது. பேரம் படிந்தால் காலி செய்யும் பிரச்சினை எழாது, வாடகைதாரரின் அட்வான்ஸ் அவருடைய கிரயத் தொகையிலேயே கழிந்துவிடும்.